மையவாடித் தேங்காய் யாருக்குச் சொந்தம்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா வாசிங்க, தப்பு இருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க :-)

எனக்கு ராஜபாளையம். கூடப் படிச்ச நண்பனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூட நாள்ல வாரம் ஒரு தடவையாவது பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போயிருவேன். அவங்க அத்தாவை நான் கூப்பிடுறது "மாமா". சைக்கிள் கடை வச்சிருந்தார். நான் போனா கடையை அப்படியே விட்டுட்டு வந்து "சாப்பிட்டியா மாப்ள?"ன்னுதான் முதல்ல கேட்பார்.

மாமா தவறிட்டார்னு தகவல் வந்து போயிருந்தேன். சந்தூக்குக்குத் தோள் கொடுக்க என்னையும் விட்டாங்க. மையவாடியில மூணு பிடி மண் அள்ளிப் போட்டுட்டு வெளிய வந்து நின்னப்ப சுத்திப் பார்த்தேன். ஓரமா வரிசையா தென்னை மரங்க, குலை குலையா காய். நமக்குத்தான் எந்த நேரத்துல என்ன கேட்கணும்னு தெரியாதே! பக்கத்துல நின்ன முத்தவல்லிகிட்ட, "இந்தக் காயெல்லாம் யாருக்குங்க பாய்?"ன்னு கேட்டுட்டேன்.

அவர் கோவிச்சுக்கல. "மையவாடிக்குத்தான் தம்பி. வருசா வருசம் ஏலம் விட்டு, அந்தக் காசுல வேலி, குழி வெட்டுற கூலி, முள்ளு வெட்டுறது எல்லாம் நடக்கும். ஒரு காயைக்கூட யாரும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, நான் உட்பட"ன்னார்.

ஏதோ ஊர்க் கட்டுப்பாடுன்னு நினைச்சுக்கிட்டேன். பிறகு வாசிச்சுப் பார்த்தா, அதுக்குப் பின்னால ஆயிரத்து நானூறு வருசச் சட்ட வரலாறு இருக்கு.

கைபர் நிலம்

கி.பி. 628ல் கைபர் வெற்றிக்குப் பிறகு உமருக்கு அங்க ஒரு நல்ல நிலம் கிடைக்குது. அதுவரைக்கும் அவர் கைக்கு வந்ததுலயே மதிப்பான சொத்து. இதை என்ன செய்யலாம்னு நபிகள் நாயகத்துகிட்ட யோசனை கேட்கிறார். அடிநிலத்தை அப்படியே நிறுத்தி வை, விளைச்சலைத் தருமம் பண்ணுன்னு பதில் வருது. நிலத்தை விற்கக் கூடாது, இனாமா கொடுக்கக் கூடாது, வாரிசுகள் பங்கு போடக் கூடாது. பலன் ஏழைகளுக்கு, உறவினருக்கு, அடிமைகளை விடுவிக்க, வழிப்போக்கருக்கு, விருந்தாளிகளுக்கு. பார்த்துக்கிறவர் நியாயமான அளவுக்குச் சாப்பிடலாம், ஆனா அதைவச்சுச் சொத்து சேர்க்கக் கூடாது. உமர் இந்த நிர்வாகப் பொறுப்பைத் தன் மகள் ஹஃப்ஸாவுக்கு எழுதி வச்சார்ங்கிறது எனக்குப் புதுத் தகவல். ஆரம்ப காலத்துலயே ஒரு பெண் முத்தவல்லி!

வக்ஃப்ங்கிற அரபுச் சொல்லுக்கே நிறுத்தி வைக்கிறதுன்னுதான் பொருள். சொத்து கைமாறுறது அதோட நின்னுபோகுது.

இது வளர்ந்த கதையும் சுவாரசியம். இமாம் அபூஹனீஃபா (மறைவு 767), காஜி தீர்ப்புச் சொல்லாத வரைக்கும் வக்ஃப் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது, மனசு மாறினா திரும்ப வாங்கிக்கலாம்னு நினைச்சார். அவரோட மாணவர் அபூயூசுஃபும் முதல்ல அதே கட்சிதான். உமர் நிலத்தோட செய்தி காதுக்கு வந்ததும் கருத்தை மாத்திக்கிட்டார். கொடுத்தா கொடுத்ததுதான். ஹனஃபி வழியில பிறகு நடைமுறைக்கு வந்தது குருவோட கருத்தில்ல, மாணவரோட கருத்துதான். நம்ம பக்கம் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்கள்ல ஷாஃபி.

சரி, தேங்காய்க்கு வருவோம். 17ம் நூற்றாண்டுல ஔரங்கசீப் உத்தரவுல தொகுத்த 'ஃபதாவா ஆலம்கீரி'யில மையவாடி மரத்துக்குன்னே சட்டம் இருக்கு. நிலம் மையவாடி ஆகுறதுக்கு முன்னாலேயே நின்ன மரம்னா பழைய நிலக்காரருக்கு. பிறகு வந்தது, நட்டவர் யாருன்னு தெரியும்னா நட்டவருக்கு. யார் நட்டதுன்னே தெரியலைன்னா காஜி முடிவு பண்ணுவார். விற்று அந்த மையவாடிப் பராமரிப்புக்கே செலவழிக்கலாம். முத்தவல்லி சொன்ன அதே பதில்! அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பாரான்னு தெரியாது. அவங்க அத்தா சொல்லிக் கேட்டிருப்பார், அவருக்கு அவங்க அத்தா.

கபுருக்கு என்ன மரியாதை?

கபுரு மேல உட்காருறதைவிட நெருப்புக் கங்குமேல உட்காருறது மேல்ங்கிற கருத்துல ஒரு நபிமொழி இருக்கு. செத்தவர் எலும்பை உடைக்கிறது உயிரோட இருக்கிறவர் எலும்பை உடைக்கிறது மாதிரின்னு இன்னொண்ணு. ஒரு யூதரோட சவ ஊர்வலம் போறப்ப நபி எழுந்து நின்னார். அது யூதர் ஆச்சேன்னு சொன்னவங்ககிட்ட, அதுவும் ஒரு உயிர்தானேன்னு திருப்பிக் கேட்டார்னும் பதிவாகியிருக்கு. கபுரு மேல முளைச்ச பச்சைப் புல்லைக்கூட வெட்டாதீங்க, காய்ஞ்சதை மட்டும் எடுங்கன்னு ஹனஃபி அறிஞர்கள் சொல்லியிருக்காங்க.

அதே சமயம் கபுருக்குச் சுண்ணாம்பு பூசுறதையும் அதுமேல கட்டடம் எழுப்புறதையும் தடுக்கிற நபிமொழியும் இருக்கு. தர்கா விஷயத்துல நடக்கிற வாக்குவாதமெல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது. அதுக்குள்ள நான் போகல, ஏற்கனவே பதிவு நீளம் :-)

பழைய குழியில புதுசா ஒருத்தரை அடக்கலாமா? முதல்ல அடக்கினவர் முழுசா மண்ணா ஆகியிருந்தா அடக்கலாம்ங்கிறாங்க. எனக்கு முக்கியமாப் பட்டது இன்னொரு சட்டம். அடுத்தவன் நிலத்துல அனுமதி இல்லாம அடக்கிட்டா, உடலை எடுக்கச் சொல்ல நிலக்காரருக்கு உரிமை உண்டு. அதாவது, மரியாதைங்கிற பேர்ல ஊரான் நிலத்தை வளைக்க இந்தச் சட்டம் இடம் கொடுக்கல. முதல்ல நிலம் நியாயமா வந்திருக்கணும்.

நம்ம ஊருக்குப் புதுசா?

விற்காதே, பங்கு போடாதே, விளைச்சலை மட்டும் எடுங்கிறது நமக்குத் தெரியாத விஷயமா? தேவதானம், சத்திர மானியம், தண்ணீர்ப்பந்தலுக்கு விட்ட நிலம்னு கல்வெட்டு நிறைய இருக்கு. சந்திரன் சூரியன் உள்ளவரைக்கும்னு எழுதி, கெடுத்தவனுக்குக் கங்கைக்கரையில பசுவைக் கொன்ற பாவம்னு சாபம் வேற.

இந்த ரெண்டு மரபும் சந்திக்கிற இடம் மதுரை. கோரிப்பாளையம் தர்காவுல 1573ம் வருசக் கல்வெட்டு ஒண்ணு. பாண்டிய மன்னர் விட்ட ஆறு கிராமங்கள் சம்பந்தமா பின்னால தகராறு வந்தப்ப, அந்தப் பழைய தானம் செல்லும்னு வீரப்ப நாயக்கர் உறுதிப்படுத்தினதைச் சொல்லுது. கொடுத்தது ஒரு வம்சம், காப்பாத்தினது இன்னொரு வம்சம், அனுபவிச்சது வேற மதத்துக்காரங்க.

எங்க ரெண்டு ஊர்லயும் இந்த மனசுக்குச் சாட்சி இருக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல 1875ல தொடங்கின பென்னிங்டன் நூலகம். ராஜபாளையத்துல, சென்னை மாகாணத்தோட முதல் மந்திரியா இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா காந்தி கலை மன்றத்துக்காகத் தன் சொந்த வீட்டையே கொடுத்தார். கொடுத்தவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க, நாம உள்ள உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறோம்.

காகிதம் எங்கே?

மாமா காரியம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு நண்பன் போன் பண்ணினான். "மாப்ள, மையவாடிக்குப் பத்திரம் இருக்கான்னு கேட்கிறாங்கடா. எங்க ஊர்ல யாருக்கும் தெரியல."

பழைய மையவாடிகள் பலதுக்கும் இதே கதைதான். என்னைக்கோ ஒருத்தர் வாயால சொல்லிக் கொடுத்த நிலம், அன்னையிலிருந்து அடக்கம் பண்ணிக்கிட்டிருக்காங்க. இதைச் சட்டம் 'பயன்பாட்டால் ஆன வக்ஃப்'னு ஏத்துக்கிட்டிருந்தது. சையது முகமது சாலி லப்பை வழக்குன்னு சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேலே போன வழக்கு. 1976ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரம் இல்லாட்டியும், நெடுங்காலமா ஊர் மக்கள் அடக்கம் பண்ணி வந்ததே பொது மையவாடிக்குச் சான்று. ஒரே குடும்பம் மட்டும் பயன்படுத்தியிருந்தா அது தனியார் இடம். பொதுன்னு ஒரு தடவை ஆயிட்டா திரும்ப மாறாது. சுருக்கமா இதுதான்.

2025 ஏப்ரல் 8ல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் இந்தப் 'பயன்பாட்டால்'ங்கிற வழியை இனிமேல் வர்றதுக்கு எடுத்துருச்சு. அதுக்கு முன்னாடியே பதிவானது தொடரும். தகராறுல இருக்கிறதும் அரசு நிலம்னு சொல்லப்படுறதும் விதிவிலக்கு. அந்த வருசம் செப்டம்பர் 15ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தோட சில பிரிவுகளை நிறுத்தி வச்சது, இந்தப் பகுதியை நிறுத்தல. சட்டம் சரியா தப்பான்னு நீங்க உங்க கருத்தைச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம், இப்ப நண்பனுக்கு வேண்டியது ஒரு காகிதம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை போனேன். பள்ளிவாசல் தகரப்பெட்டியைத் திறந்து மூணு பேரும் உட்கார்ந்தோம். கரையான் அரிச்சது போக மிச்சத்துல பழைய கெசட் நகல் ஒண்ணு கிடைச்சது. மையவாடி பதிவாகித்தான் இருக்கு! நண்பன் கண்ணு கலங்கிருச்சு. ஆனா சர்வே எண்ணுல ஒரு இலக்கம் மாறிக் கிடக்கு. யார் கைப்பிழையோ. இப்ப அதைத் திருத்த மனு போட்டுட்டு அலைஞ்சுக்கிட்டிருக்கோம்.

பெட்டி அடியில நீளமான நோட்டுகள் நாலஞ்சு. அடக்கம் பண்ணினவங்க பேர், தேதி, அத்தா பேர், எந்த ஓரம். பல கையெழுத்து, பல மை. முத்தவல்லி கடைசி நோட்டைப் பிரிச்சுக் காட்டினார். கடைசிப் பக்கத்துல மாமா பேர். தெற்கு ஓரம், தென்னைக்குப் பக்கத்துல.

"வக்கீல் இந்த நோட்டையும் கொண்டாரச் சொல்லியிருக்கார். இதுவும் சாட்சியாமே தம்பி"ன்னார்.

சைக்கிள் கடைக்கு ஒரு சரியான ரசீதுப் புத்தகம்கூட வச்சிருக்காத மனுசன், இப்ப ஊருக்கே ஆவணமா இருக்கார்.

உங்க ஊர் மயானம், கல்லறைத் தோட்டம், மையவாடி எதுவானாலும் சரி, பதிவேடு எங்க இருக்குன்னு ஒரு தடவை விசாரிச்சு வைங்க மக்களே. முடிஞ்சா போட்டோ எடுத்து வைங்க. கரையானுக்கு மத பேதம் கிடையாது.