அடிபட்ட தியோடலைட்டும் ஒரு பழைய அளக்கும் கையும்

திருவொற்றியூரில் நம்ம வீட்டுப் பட்டறைக்குப் பழைய சரக்காக ஒரு அளக்கும் கை வந்திருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு மாதிரி மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு என்கோடர், நுனியில் சின்னக் குண்டு. புல்லட்டோட பழைய மூடி ஒன்றை நுனியால் தொட்டுத் தொட்டுப் போனால் அதன் வடிவம் கம்ப்யூட்டரில் புள்ளிகளாக வந்து உட்காரும். பார்க்க வந்த நண்பர் கேட்டார்: "எங்கெங்கயோ அடிபட்ட மெஷினை நம்பி எப்படிங்க அளக்கறது?"

நியாயமான கேள்விதான். பதில் 1802ல இருக்கு.

இந்தக் கைக்குள் இருக்கிற கணக்கு ரொம்ப எளிது. தெரிந்த நீளங்கள், அளந்த கோணங்கள். இரண்டும் இருந்தால் நுனி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். வில்லியம் லாம்டன் இந்தியாவை அளந்ததும் கிட்டத்தட்ட இதே சரக்கை வைத்துத்தான். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்தார். அதற்கப்புறம் முக்கோணம் மேல் முக்கோணமாகக் கோணங்கள்தான்.

அந்தக் கோட்டை அளந்த எஃகுச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. நூறு அடி நீளம், 40 கண்ணிகள். 1793ல் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டுபோனது. அவர் அதைச் சீந்தவே இல்லை! குழுவில் இருந்த டாக்டர் டின்விடி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார், அங்கே விலைபோய், கடைசியில் லாம்டன் கைக்கு வந்தது. சுத்தமான செகண்ட் ஹேண்ட் சரக்கு :-)

ஆனா மனுஷன் அதைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலை. மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் மறைத்து, தெர்மாமீட்டர் வைத்து, சூட்டில் எஃகு எவ்வளவு நீள்கிறது என்று கணக்குப் போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் தனியாக இன்னொரு சங்கிலி. நானும் வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்லிப் கேஜைத் தொட்டு, கை சொல்கிற நீளம் சரிதானா என்று பார்த்துக்கொள்கிறேன்.

கோணம் அளந்த பெரிய தியோடலைட் லண்டனில் கேரி செய்தது. 36 அங்குல வட்டம், எடை அரை டன். வருகிற வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸ் கொண்டுபோனார்கள். அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். துறைமுகமே இல்லாத காலம் அது. அலைக்கு நடுவே மசூலாப் படகில்தான் எதையும் கரை சேர்க்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி வந்தது 1808ல் தஞ்சாவூரில் மாட்டியது. பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, வட்டம் நெளிந்துபோச்சு. வேறு யாராக இருந்தாலும் காயலான் கடைக்குத்தான். லாம்டன் என்ன செய்தார் தெரியுமா? கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தார். நெளிந்த வட்டத்தை அதன்மேல் வைத்து, ஆப்பு, திருகு, கப்பி என்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சின்ன மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆச்சு.

அதற்குப் பிறகும் அந்தத் தியோடலைட் பல வருஷம் உழைத்தது. எவரெஸ்ட் காலத்தில் சர்வேயின் கருவிகளைப் பழுது பார்க்க வந்தவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். ஆற்காட்டுக்காரர். அதற்கு முன் சென்னையில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.