தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை: எதற்குப் போதும், எதற்குப் போதாது?

மருத்துவரை நேரில் காண ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி வர வேண்டிய நிலையில் பலர் உள்ளனர். மாத்திரை தீர்ந்த பிறகும் பயணத்தைத் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய நிலையில் வருவோர் பெரும்பாலும் இவர்களே. தொலைமருத்துவம் முதன்மையாக இவர்களுக்கே உதவ வேண்டும்.

உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லா நோய்க்கும் ஒரே அளவில் அன்று. ஏற்கெனவே கண்டறியப்பட்ட நோயைத் தொடர்ந்து கண்காணிப்பதில்தான் பலன் மிகுதி. இதயச் செயலிழப்பு உள்ளவர்களை முறையாகத் தொலைபேசியில் பின்தொடர்ந்தபோது மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் குறைந்தன. பிரிட்டனில் 1,182 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வீட்டில் அளந்த இரத்த அழுத்த அளவுகளைக் கொண்டு மருத்துவர் மருந்தை மாற்றியமைத்தவர்களுக்கு, ஓராண்டு முடிவில் அழுத்தம் கூடுதலாகக் கட்டுப்பட்டிருந்தது. இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று: அளவு எடுக்கப்பட்டது, அதற்கேற்ப மருந்து மாறியது. வெறும் நலம் விசாரிப்பால் இரத்த அழுத்தம் குறைவதில்லை.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் நம் முதியோர் பலரும் "பரவாயில்லை" என்றே கூறுவர். நேரில் வந்தால் வீங்கிய காலையும் வெளிறிய முகத்தையும் மருத்துவர் பார்த்துவிடுவார். தொலைபேசியில் அது இயலாது. ஆகவே உடனிருந்து கவனிப்பவர், தாம் கண்ட மாற்றங்களைத் தாமே கூறுதல் நன்று. சர்க்கரை நோயாளியின் பாதப் புண், மார்பகக் கட்டி, விடாத வயிற்று வலி ஆகியவற்றை நேரில் பரிசோதித்தே ஆக வேண்டும்.

எங்கே பேசுவது?

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-சஞ்சீவனி புறநோயாளி சேவையில் வீட்டிலிருந்தபடியே காணொலி வழியாக மருத்துவரிடம் கட்டணமின்றிப் பேசலாம். திறன்பேசி இல்லாதவர்கள் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்திற்குச் சென்று, அங்குள்ள பணியாளரின் உதவியுடன் இதே சேவை வழியாக மருத்துவரை அணுகலாம். இந்த வழியே சிறந்தது என்பது என் கருத்து. இரத்த அழுத்தத்தை அங்கேயே அளக்க முடிவதோடு, மருத்துவர் கூறியதைப் புரியும்படி விளக்கவும் ஒருவர் இருப்பார்.

2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி, மருத்துவர் தம் பெயரையும் தகுதியையும் தெரிவிக்க வேண்டும். மருந்துச் சீட்டில் பதிவெண் இருக்க வேண்டும். நேரில் பார்க்க வேண்டும் என்று நீங்கள் எப்போது வேண்டுமானாலும் கோரலாம். போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளை இவ்வழியில் எழுதித் தர இயலாது. மறுக்கும் மருத்துவர் விதியைப் பின்பற்றுகிறார். அவரிடம் வருத்தம் கொள்ள வேண்டா.

அழைக்கும் முன் மாத்திரை அட்டைகளையும் அண்மைப் பரிசோதனை முடிவுகளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்பது போதாது. அட்டையில் உள்ள பெயரையும் மில்லிகிராம் அளவையும் படித்துக் கூற வேண்டும். மருத்துவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், வலிப்பு, கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு ஆகியவை தோன்றினால் ஆலோசனைக்காகக் காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.