கெடிலக்கரை கண்ட அயர்லாந்துக் குடி

திருவதிகையைத் தழுவிக் கிழக்கே செல்லும் நம் கெடிலம், கடலைச் சேருமிடத்தில் தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையின் சிதைவுகளைக் காட்டுகிறது. 1758 சூன் 2ஆம் நாள் அக்கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து வென்று, பின்னர் இடித்தவன் பிரெஞ்சுத் தளபதி லாலி. ஊஞ்சற் பாட்டின் பெயரைத் தாங்கிய இவன் யாவன்?

பிறந்தது பிரான்சில், 1702இல். குடியோ அயர்லாந்தின் கால்வே மாவட்டத்துத் துவாம் நகரையடுத்த துல்லினதாலியினது. அரசிழந்த இரண்டாம் ஜேம்சின் பக்கம் நின்று தோற்றுப் பிரான்சு புகுந்த வீரருள் இவன் தந்தை ஜெரார்டு லாலியும் ஒருவர். விட்டுவந்த ஊரின் பெயரே பிரெஞ்சு நாவில் திரிந்து 'தொலாந்தால்' என்று குடிப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. மண் போயிற்று, பெயர் போகவில்லை.

1760 சனவரி 22இல் வந்தவாசியில் இவனை முறியடித்த அயர் கூட்டும் அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்துப் பிறந்தவனே. ஒரு தீவின் இரு மக்கள், இரு வேற்றரசர்க்காக, நம் வயல்களில் பொருதனர்! 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. லாலியின் நாள்களையும் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை மறைந்ததும் அதே திங்களில்தான்.

மன்னரின் நலனைக் காட்டிக்கொடுத்தான் என்று தீர்ப்பளித்து, 1766 மே 9இல் பாரிசில், பேசாதிருக்க வாயைக் கட்டி, லாலியின் தலையைத் துணித்தனர். துரோஃபீம் என்ற பெயரளவில் மட்டும் வளர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன், தான் அவன் மகனென்று அறிந்தது அந்த நாளில்தான். தந்தையைப் பெற்றதும் இழந்ததும் ஒருங்கே நிகழ்ந்தன.

குடிவழி தேடுதல் பலர்க்குப் பொழுதுபோக்கு, அவனுக்கோ வழக்காயிற்று. வால்டேர் துணைநின்றார். 1778 மே மாதம் அரசவை அத்தீர்ப்பைத் தள்ளியது. மரணப்படுக்கையில் கிடந்த வால்டேர் அச்செய்தி கேட்டு மகிழ்ந்து மடல் விடுத்து, அம்மாதம் 30ஆம் நாள் மறைந்தார். ஆயினும் மறுவிசாரணை நடத்திய ரூவான் மன்றம் 1784இல் லாலியைக் குற்றமற்றவனென ஏற்கவில்லை.

ஒன்று சொல்லியாக வேண்டும். தஞ்சைமேற் படையெடுத்தபோது கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடி, அந்தணர் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டவனும் இவனே. மகன் துடைக்க முயன்றது அரசத்துரோகப் பழியை. கீழ்வேளூர்ப் பழி அதனுள் அடங்காது. பிரான்சின் ஏடுகளில் இவன் தோல்வி பெரிது. நம் கண்ணுக்கோ அக்கோயில் வாசலே பெரிது. தந்தைக்காக வாதாடிய மகனின் பாசத்தைப் போற்றலாம். அதற்காகத் தந்தையைப் போற்ற என் எழுதுகோல் இசையவில்லை.

துரோஃபீம் 1830இல் இறந்தான். இறுதிவரை அவன் பெயரோடு இருந்தது, அந்தத் துல்லினதாலி.