காயல் பாட்டுக்கு ஏது ஏடு?

முத்தும் அரபுக் குதிரையும் கைமாறிய காயல் துறையைப் பற்றி மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அந்தக் கரையின் இசையைத் தேடுகிறவர்களுக்குத்தான் சிரமம்.

முதலில் கையிலெடுக்க வேண்டியது காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழ். நபிகள் நாயகத்தைப் பாடும் இந்நூல் அருணகிரிநாதர் வகுத்த சந்த வழியில் நடப்பது. எழுத்துகளின் குறில் நெடிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாலே தாளத்தின் கட்டு பிடிபடும். மெட்டு பிடிபடாது, அது பாடியவர் தொண்டையோடு போயிற்று.

அடுத்துத் தேடத் தோன்றுவது இசை நூல். பழைய நெல்லைச் சீமையின் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். பண், சுருதி பற்றி ஆயிரம் பக்கங்களுக்கு மேல்! கடலோர முஸ்லிம்களின் பைத்துப் பாடல்களுக்கு அதில் விடை தேடுவது வீண். அவர் கவலை வேறு.

ஏட்டில் சிக்காத ஒலியையே ஆவணமாக்கும் வேலை பெர்லினிலும் 1900இல் தொடங்கியது. சயாமிய இசைக் குழுவின் வாசிப்பை மெழுகு உருளையில் பதித்தார் ஆய்வாளர் கார்ல் ஸ்டும்ஃப். இந்தியப் பதிவுகளைத் திரட்ட 1982இல் உருவான இன இசையியல் ஆவணக் காப்பகம் குருகிராமில் இயங்குகிறது.

காயல் பாட்டையும் அப்படிக் காக்கலாம்: காயல் வீடுகளில் பழைய கல்யாணக் கேசட்டுகள் கிடந்தால், பாடியவர் பெயரும் ஆண்டும் எழுதிவைத்து உடனே கணினியில் ஏற்றுங்கள்.