மஞ்சளாகி வெடித்த படிகம்

கல்லூரி மூன்றாம் வருட விடுமுறையில் ஆச்சி வீட்டு மொட்டை மாடியில் ஒரு சாக்கு நிலவேம்பைப் பரப்பிக் காயப்போட்டேன். திருநெல்வேலியின் மே மாத வெயில். இரண்டே நாளில் மொறுமொறுவென்று ஆகிவிடும் என்பது என் கணக்கு. மாடியேறி வந்த ஆச்சி, "ஏல, மருந்துச் செடிய வெயில்லயா போடுவாவ? நெழல்ல போடு, சாரம் போயிரும்" என்றாள். உலர்வது என்றால் தண்ணீர் வெளியேறுவது, அது வெயிலில் போனால் என்ன, நிழலில் போனால் என்ன என்று அந்த செமஸ்டரில் படித்த வெப்பப் பரிமாற்றப் பாடத்தையெல்லாம் இழுத்து வாதாடினேன். அவள் பதிலே சொல்லவில்லை. அத்தனையையும் அள்ளிக்கொண்டு கீழே போய் பட்டாசலில் விரித்தாள்.

நான் வெயிலை வெறும் சூடாக மட்டுமே கணக்கில் எடுத்திருந்தேன். அது வெளிச்சமும்தான் என்பது பல வருடம் கழித்து சான்டோனின் கதையைப் படித்தபோதுதான் உறைத்தது.

நம் ஊர் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடி மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிகளில் வளர்கிறது. ஆர்ட்டெமீசியா சினா. அதன் விரியாத மொக்குகளைக் குடல்பூச்சி மருந்தாக ஐரோப்பாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 1830இல் ஜெர்மனியில் காலர், ஆல்ம்ஸ் என்ற இருவர், ஒருவரையொருவர் அறியாமலே, அந்த மொக்கிலிருந்து நிறமற்ற படிகமாக ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் சான்டோனின். அடுத்த நூறு வருடம் உலகம் முழுக்கக் குழந்தைகளின் வயிற்றுக்குள் போன மருந்து. ஆபத்தானதும்கூட. அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். மிஞ்சுவதற்கு முன்பே கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். (வான்கோவின் மஞ்சளுக்கு சான்டோனின் காரணமாக இருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. ஓவியனுக்கு மஞ்சள் பிடித்திருந்தது என்பதை நம்புவதில் நமக்கு என்ன சிக்கலோ.)

1834இல் எர்ஃபுர்ட் நகரத்து ஹெர்மன் டிராம்ஸ்டார்ஃப் இன்னொரு மஞ்சளைப் பார்த்தார். மருந்தியல் குடும்பம்; அப்பா மருந்தியலுக்கென்றே பத்திரிகை நடத்தியவர். வெயிலில் வைத்த சான்டோனின் படிகங்கள் மஞ்சளாக மாறின. அதோடு நிற்காமல் வெடித்துச் சிதறின. 'கெட்டுப்போச்சு' என்று தூக்கிப் போட்டிருக்கலாம். அவர் ஒரு முப்பட்டகத்தை எடுத்து, வெயிலைத் தனித்தனி நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படிகத்தின்மேல் விழவைத்துப் பார்த்தார். நீலமும் ஊதாவும் பட்டால் மஞ்சளானது. மஞ்சள், பச்சை, சிவப்பு பட்டால் ஒன்றுமே ஆகவில்லை.

நான் வேலை பார்ப்பது மென்பொருளில். ஒரு பிழை வந்தால் காரணிகளை ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்திப் பார் என்று புதிதாகச் சேரும் பையன்களிடம் தினமும் சொல்கிறேன், பாதி நாள் நானே செய்வதில்லை. அந்த மனிதர், மூலக்கூறின் வடிவம் என்ற கருத்தே உருவாகாத காலத்தில், குற்றவாளி சூடு இல்லை, வெளிச்சத்திலும் ஒரு பகுதி மட்டும்தான் என்று பிரித்துக் காட்டிவிட்டார். மருந்துக் கடையின் பழுப்புக் கண்ணாடி பாட்டிலை இப்போது பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான். அந்தக் கண்ணாடி நீலத்தையும் ஊதாவையும் பெருமளவு தடுக்கிறது. மஞ்சளையும் சிவப்பையும் உள்ளே விடுகிறது. அவர் 'பாதகமில்லை' என்று கண்ட நிறங்கள்.

ஆனால் ஏன் வெடித்தது? அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இத்தாலியில் செஸ்தினியும், அணு எடைக் குழப்பத்தைத் தீர்த்த அதே கன்னிசாரோவும் சான்டோனினை வெளிச்சத்தில் வைத்துப் பல வருடம் போராடினார்கள். கன்னிசாரோவின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜியாகோமோ சியாமிச்சான் பிறகு பொலோன்யாவுக்குப் போய், பால்கனி நிறையக் குடுவைகளை வெயிலில் வரிசையாக அடுக்கி, ஒளிவேதியியலையே ஒரு துறையாக்கினார். 1912இல் நியூயார்க்கில் அவர் ஆற்றிய உரை, நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் தொழிற்சாலைகளைப் பற்றியது. நடந்துவந்த வழியைப் பாருங்கள்: பூச்சி மருந்து கெட்டுப்போனதில் ஆரம்பித்து சூரிய சக்திக் கனவு வரைக்கும்.

சான்டோனின் மூலக்கூறின் சரியான வடிவம் 1930வாக்கில்தான் பிடிபட்டது. ஒளி பட்டதும் அது என்னவாக மாறுகிறது என்பதை டெரெக் பார்ட்டனும் மற்றவர்களும் 1950களின் பிற்பகுதியில் கண்டார்கள். அதுவும் கரைசலில் நடப்பது. டிராம்ஸ்டார்ஃப் பார்த்த திடப் படிகத்துக்குள் என்ன நடக்கிறது, எப்படி நடக்கிறது என்பது படிப்படியாகத் தெளிந்தது 2007இல். ஒளியை வாங்கிய மூலக்கூறு தன் பிணைப்புகளை மாற்றிக்கொண்டு வேறொன்றாகிறது. அது, படிகத்துக்குள் பக்கத்தில் நிற்கும் மாறாத மூலக்கூறோடு கோத்துக்கொண்டு ஜோடியாகிறது. ஆரம்பத்தில் படிகம் குலையாமல் தாங்குகிறது. ஜோடிகள் பெருகப் பெருக உள்ளே இறுக்கம் ஏறி, ஒரு கட்டத்தில் வெடிக்கிறது. 1834க்கும் 2007க்கும் இடையில் 173 வருடம்.

இதைப் படித்ததும், 'நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்' என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போடலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. போடவில்லை. ஆச்சிக்கு நீல ஒளியும் தெரியாது, பிணைப்பும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, வெயிலில் காய்ந்தது வெளுத்துப்போய் வாசம் கெட்டுப்போகும் என்பது. டிராம்ஸ்டார்ஃபுக்கும் 'ஏன்' தெரியாதுதான். ஆனால் அவர் முப்பட்டகத்தை எடுத்தார், கண்டதை எழுதி வைத்தார், அதை அடுத்தவன் சோதித்துப் பார்க்க முடிந்தது. அந்த வித்தியாசம் சின்னதில்லை. அதே சமயம், 'ஏன்' தெரியாதவள் என்பதாலேயே அவள் சொன்னது தப்பு என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேனே, அது வெறும் படித்த திமிர்.

போனில் ஆச்சிக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். ஜெர்மனி, இத்தாலி, வெடித்த படிகம், எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, பூச்சி செத்துச்சா இல்லையா?" என்றாள்.

"சாகாது ஆச்சி. அந்த மருந்துல மயங்கித்தான் போகும். அப்புறம் பேதிக்குக் குடுத்து வெளியேத்தணும்."

"அதான பாத்தேன்" என்றாள். "வெளக்கெண்ண குடுத்திருப்பாவ."