மேற்கு நோக்கிய தொழுகை

1863 ஜூலை 1 அன்று, தென்னமெரிக்காவில் தன் ஆட்சிக்குட்பட்ட சுரினாமில் டச்சு அரசு அடிமை முறையை ஒழித்தது. தலைக்கு 300 கில்டர் இழப்பீடும் வழங்கியது. அடிமைக்கு அன்று, அவரை உடைமையாக வைத்திருந்த முதலாளிக்கு! விடுதலையானோரோ மேலும் பத்தாண்டுகள் அரசின் கண்காணிப்பில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைக்க வேண்டியிருந்தது. 1873இல் அக்கெடு முடிந்ததும் அவர்களில் பலர் தோட்டங்களைத் துறந்து வெளியேறினர்.

அவ்விடத்தை நிரப்பவே முதலில் இந்தியாவிலிருந்தும், 1890 முதல் ஜாவாவிலிருந்தும் ஆட்கள் கப்பலேற்றப்பட்டனர். ஜாவாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 33,000 பேர், பெரும்பாலோர் முஸ்லிம்கள். பெயர் என்னவோ ஒப்பந்தம்தான். ஆயினும் வேலை செய்ய மறுத்தால் சிறை.

நம்மூரைப் போலவே ஜாவாவிலும் கிப்லா மேற்குத் திசை. சுரினாமிலிருந்து பார்த்தால் மக்கா கிழக்கே உள்ளது. ஆனால் அம்மக்கள் தாயகத்தில் தொழுதவாறே மேற்கு நோக்கித் தொழுதனர். பின்னாளில் ஒரு சாரார் கிழக்கே திரும்பியபோது சர்ச்சை மூண்டு, பள்ளிவாசல்களும் இருவகையாயின. இதனை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சென்ற அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவேயில்லை. மேற்கு நோக்கித் தொழுவோர் அங்கு இன்றும் உள்ளனர்.