கத்தியும் கடிகாரமும்

கொலைக் கதை எழுதுகிறவனுக்கு முதலில் வேண்டியது கத்தி என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கடிகாரம் என்பேன். அதுவும் சற்று மெதுவாக ஓடும் பழைய கடிகாரமாக இருந்தால் விசேஷம்.

1846 நவம்பரில் லண்டன் வாரப் பத்திரிகை ஒன்றில் 'முத்து மாலை' என்ற தொடர்கதை ஆரம்பமாயிற்று. பத்திரிகையின் விலை ஒரு பென்னி. ஸ்வீனி டாட் என்ற நாவிதன், சவரத்துக்கு வந்தவர்களை நாற்காலியோடு கவிழ்த்து நிலவறையில் விழச் செய்கிறான். அருகே லவெட் அம்மாளின் கடையில் இறைச்சிப் பலகாரம் அமோகமாக விற்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கதாசிரியர் இதைத் தம் காலத்தில் நடத்தவில்லை, 1785-க்குக் கொண்டுபோனார். ஆரம்பத்திலேயே, செயின்ட் டன்ஸ்டன் தேவாலயத்தின் பழைய கடிகாரத்தில் மணி அடித்த இரண்டு பொம்மைகளை நினைவூட்டுகிறார். 1830-ஐ ஒட்டி அந்தத் தேவாலயத்தை இடித்துக் கட்டியபோது அவை ஃப்ளீட் தெருவை விட்டுப் போயின. 1935-ல்தான் திரும்பி வந்தன. வயதான வாசகர்கள் அந்த இடத்தில் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

பெருமூச்சோடு விஷயம் முடியவில்லை. லண்டன் மாநகரப் போலீஸ் ஏற்பட்டதே 1829-ல். அதற்கு முந்திய காலத்தில் கதையை வைத்தால் உதவி தாமதமாக வரும் என்பதை வாசகன் தானே ஒப்புக்கொள்வான். அந்தத் தாமதத்தில்தான் திகில் வளர்கிறது. 18 வாரம் காக்க வைத்து, பலகாரத்தில் இருந்தது மனித மாமிசம் என்பதைக் கடைசி இதழில் போட்டு உடைத்தார்கள்.

ஏறக்குறைய 130 ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க சினிமாவில் இதே வித்தையைக் காண்கிறோம். முகமூடிக்காரன் ஒருவன் வாலிபர்களை ஒவ்வொருவராகக் குத்திச் சாய்க்கும் 'ஸ்லாஷர்' வகைக்கு வழிகாட்டியது, ஜான் கார்ப்பென்டர் 1978-ல் சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த 'ஹாலோவீன்'. அது 1963-ல் ஒரு கொலையோடு தொடங்கி, 15 வருஷம் தாண்டுகிறது. கதாநாயகியின் முதல் தோழி சாவது பாதிப் படத்துக்குப் பிறகுதான். அதுவரை தெருவும் மரநிழலும் தூரத்தில் நிற்கும் ஓர் உருவமுமே நம்மைப் பயமுறுத்துகின்றன. ரத்தமோ மிகக் குறைவு.

பின்னால் வந்தவர்களில் பலர் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிணங்கள் பெருகின, பயம் பெருகவில்லை.

இப்போது மறுபடி பழைய காலத்தின்மேல் ஆசை பிறந்திருக்கிறது. 2021-ல் வந்த 'ஃபியர் ஸ்ட்ரீட்' படங்கள் மூன்றும் முறையே 1994, 1978, 1666 என்று பின்னோக்கிப் போகின்றன. காரணம் புரிகிறது. சட்டைப்பையில் டெலிபோன் வைத்திருப்பவனை அத்தனை எளிதில் தனியாக்கிவிட முடியாதல்லவா?

ஆனால் அந்நாளைய உடையும் பாட்டும் மட்டும் அந்தக் காலத்தைக் கொண்டுவந்துவிடா. அன்று எல்லாம் மெதுவாக வந்தது: கடிதம், உதவி, விடியல். அந்த மெதுவைக் கதைக்குள் கொண்டுவரத் தைரியம் வேண்டும். 'இந்த வாரமே ஒரு கொலை வையுங்கள்' என்று கேட்கும் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறவனுக்கு அந்தத் தைரியம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வேண்டும்.